யோசிக்க நேரம் வேண்டும்: தமிழ்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

தமிழ்நாட்டின் சார்பில் மக்களவையில் 39 பேரும் மாநிலங்களவையில் 18 பேருமாக வீற்றிருக்கும் நீங்கள், காவிரி நீரைப் பற்றியும், கடலுக்குப் போன மீனவர்கள் சிறைப்பட்டதைப் பற்றியும், மாநிலத்துக்கு வரவேண்டிய நிதியைப் பற்றியும் எழுந்து நின்று வாதாடுவதை நாங்கள் அறிவோம். அதற்காக உங்களைப் பாராட்டவும் செய்கிறோம். ஆனால் அணு ஆயுதங்களைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும், அது வடக்கே எல்லைப்புறத்தில் வாழ்கிறவர்களுக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் மூடிய அறைகளுக்கும் உரிய விவகாரம் என்று நினைத்தோ, வாய் திறந்தால் தேசபக்தியில் குறைந்தவர் என்ற பழி வந்து சேருமே என்று அஞ்சியோ, உங்களில் பெரும்பாலோர் கட்சி வேற்றுமையின்றி மௌனம் சாதித்து விடுகிறீர்கள். அந்த மௌனத்தைக் கலைக்கும்படி கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இது நமக்குத் தொலைவான விவகாரம் அன்று. திருநெல்வேலிச் சீமையிலே, விஜயநாராயணத்தில், கட்டபொம்மன் பெயர் தாங்கிய கடற்படை நிலையம் ஒன்று, ஆழ்கடலில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் பொருட்டு வானளாவிய கோபுரங்களோடு நிற்கிறது. அரிஹந்த் என்னும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலின் உலைக்கு முன்மாதிரியைக் கல்பாக்கத்தில்தான் அமைத்து ஓட்டிப் பார்த்தார்கள். 1998 மே மாதம் பொக்ரானில் குண்டுகள் வெடித்தபோது அணுசக்திக் கமிஷனின் தலைவராக இருந்த சிதம்பரம் அவர்களும், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் தலைமையில் இருந்த அப்துல் கலாம் அவர்களும் தமிழர்கள். அவ்வாயுதங்களின் பிரயோகத்துக்கு ஒரு கொள்கை வகுக்க வேண்டுமென்று 1999-இல் முதல் நகலைத் தயாரித்த குழுவின் அமைப்பாளரான கே. சுப்பிரமணியம் அவர்கள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். ஆக்குவதில் இவ்வளவு பங்கு கொண்ட மக்கள், ஆக்கியதன் விளைவைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையை மட்டும் பிறருக்கு விட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது முறையாகாது.

அணு ஆயுதங்கள் உலகத்தைக் காப்பாற்றுகின்றன என்று சொல்லுகிறவர்கள் மூடர்களும் அல்லர், யுத்த வெறியர்களும் அல்லர். 1914-க்கும் 1945-க்கும் இடையே இரண்டு மகா யுத்தங்களை நடத்திக் கோடிக்கணக்கான உயிர்களைப் பலி கொடுத்த வல்லரசுகள், அதற்குப் பிந்திய 80 ஆண்டுகளில் அப்படி ஒரு பெரும்போரை நடத்தவில்லையென்றால், அடித்தால் அடிபட்டுத் தானும் அழிய நேரும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பது அவர்கள் கட்சி. அமெரிக்க அறிஞர் கென்னத் வால்ட்ஸ் என்பவர் 1981-இல் இன்னும் ஒரு படி மேலே போய், இவ்வாயுதங்கள் மெதுவாக வேறு சில தேசங்களுக்கும் பரவுவது நன்மைக்கே ஆகலாம் என்றும் எழுதினார். இந்த வாதத்தில் உண்மையே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அச்சம் மனிதனை நிதானப்படுத்துவது உண்டு. ஆனால் அவ்வாறு நிதானம் பிறக்க வேண்டுமானால், அஞ்சுகிறவனுக்கு யோசிக்க அவகாசம் இருக்க வேண்டும். அவன் முன் வந்து நிற்கும் செய்தி மெய்யானதாக இருக்க வேண்டும். அவகாசமும் இல்லாமல், செய்தியும் பொய்யாக இருந்துவிட்டால், அந்த அச்சமே அவன் கையைப் பிடித்து விசையை அழுத்தச் செய்யாதா?

வெறும் கற்பனையாக இதைக் கேட்கவில்லை. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், மாஸ்கோவுக்குத் தெற்கே செர்ப்புகோவ்-15 என்ற ரகசிய நிலையத்தில் முறைக்காவலில் இருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ், அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை புறப்பட்டுவிட்டதென்று செயற்கைக்கோள் எச்சரிக்கைக் கருவி அலறியதையும், ஒன்று என்பது சிறிது நேரத்தில் ஐந்தாக வளர்ந்ததையும் கண்டார். கொரியப் பிரயாணி விமானமொன்றைச் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் மாண்டு நான்கு வாரம்கூட ஆகாத சமயம் அது. இரு தரப்பிலும் சந்தேகம் தலைக்கேறியிருந்தது. கருவி காட்டியதை அப்படியே மேலிடத்துக்கு ஒப்பிப்பதே அவருடைய கடமை என்று விதிகள் சொல்லின. அவரோ, மெய்யாகவே யுத்தம் தொடங்குகிறவன் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்கமாட்டான் என்று ஊகித்து, இது பொய் எச்சரிக்கை என்று அறிவித்தார். ஊகத்துக்கு மேல் அவர் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. உயர்ந்த மேகங்களின் மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையின் தீ நாக்கு என்று எடுத்துக்கொண்டது பிற்பாடுதான் தெரிய வந்தது. இதற்காக அவருக்குப் பதக்கம் கிடைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அன்றைய நிகழ்ச்சிகளைக் குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதவில்லை என்ற கண்டனம்தான் கிடைத்தது. அரசாங்கங்கள் எந்தத் தேசத்திலும் ஒரே ஜாதிதான் போலும்.

அதற்கும் 21 ஆண்டுகளுக்கு முன்னால், 1962 அக்டோபர் 27-ஆம் தேதி, கியூபாவை அடுத்த கடலில், பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, மேலே எழும்பி வரும்படி சிறு வெடிகளைப் போட்டு நெருக்கின. உள்ளே பொறுக்க முடியாத வெக்கை. மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே யுத்தமே மூண்டுவிட்டதோ என்ற ஐயம். கப்பலின் தலைவர் அணு முனை பொருத்திய டார்ப்பிடோவைப் பிரயோகிக்கத் துணிந்ததாகவும், வசீலி அர்ஹீப்போவ் என்ற மற்றோர் உயர் அதிகாரி அவரைத் தணித்து நிறுத்தியதாகவும் அக்கப்பலில் இருந்தவர்கள் பின்னாளில் கூறினார்கள். மேலே நின்று வெடி போட்டுக்கொண்டிருந்த அமெரிக்க மாலுமிகளுக்கோ, கீழே கிடப்பது அணு ஆயுதம் என்பதே தெரியாது. தனக்கு எதிரே இருப்பது என்னவென்று அறியாதவனை அச்சம் எவ்வாறு நிதானப்படுத்தும் என்பதை அந்தச் சித்தாந்தத்தின் ஆசிரியர்கள்தான் விளக்க வேண்டும்.

இவ்விதமான சம்பவங்கள் இன்னும் உண்டு. 1961 ஜனவரியில் வட கரோலினாவில் கோல்ட்ஸ்பரோ என்ற ஊருக்கு மேலே ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் சிதறி, இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் வயல்வெளியில் விழுந்தன. 1979 நவம்பரில் பயிற்சிக்கென்று தயாரித்த நாடா அமெரிக்கக் கணிப்பொறியில் ஓடி, சோவியத் தாக்குதல் தொடங்கிவிட்டதென்று காட்டிற்று. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சிறு விசை, அல்லது ஒரு மனிதனுடைய தயக்கம், உலகத்தைக் காத்தது. அந்த ஆபத்துகளை உண்டாக்கியதே குண்டு. அவற்றிலிருந்து நாம் பிழைத்ததற்கும் குண்டுக்கே நன்றி சொல்லுவது எந்த நியாயம்? வெடிமருந்து மூட்டைகளின் மேல் பாயை விரித்துப் படுத்துறங்குகிறவன், இத்தனை காலம் தீப்பிடிக்கவில்லை என்பதையே காட்டி, மருந்து மூட்டைதான் தீயிலிருந்து தன்னைக் காக்கிறது என்று வாதிப்பானாகில், சிவகாசியில் ஒரு சிறுவனும் அதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

இனி நமது உபகண்டத்துக்கு வருவோம். குண்டு வைத்திருக்கும் இரு தேசங்கள் போரிடமாட்டா என்று 1998-இல் நமக்குச் சொன்னார்கள். அந்த ஆண்டு மே 11-ஆம் தேதியும் 13-ஆம் தேதியும் நாம் வெடித்தோம். 28-ஆம் தேதியும் 30-ஆம் தேதியும் பாகிஸ்தான் வெடித்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் சென்று கைகுலுக்கி வந்தார். மே மாதத்திலே கார்கில் சிகரங்களில் யுத்தம் மூண்டது. நம் தரப்பில் மட்டும் 500-க்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். பெரிய குண்டு கையிலிருப்பதால் சிறிய யுத்தத்தை அச்சமின்றி நடத்தலாம் என்ற துணிச்சலைத்தான் அது பிறப்பித்ததேயல்லாமல், யுத்தத்தைத் தடுக்கவில்லை. இரு நாடுகளும் மோதிக்கொண்ட 2019 பிப்ரவரியிலும், 2025 மே மாதத்தின் நான்கு நாட்களிலும் மீண்டும் அதையே கண்டோம். கார்கில் யுத்தம் எல்லை கடந்து விரியாமல் நின்றதற்கு அணு ஆயுத அச்சமும் ஒரு காரணம் என்று வாதிப்பவர்கள் உண்டு; இருக்கலாம். ஆனால் விரியாமல் நிற்கும் என்று எல்லாத் தடவையும் பந்தயம் கட்ட, சூதாடிக்கு உள்ள துணிவு வேண்டும். தேசத்தை ஆளுகிறவர்களுக்கு அத்துணிவு ஆகாது.

மேலும், அமெரிக்காவிலிருந்து ரஷ்யாவுக்கு ஏவுகணை போய்ச் சேர ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். பெத்ரோவ் யோசித்துத் தெளிந்தது அந்த அரை மணி நேரத்துக்குள்தான். தில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையே அந்த அரை மணி நேரம் கிடையாது; சில நிமிஷங்களே உண்டு. அந்தச் சில நிமிஷங்களுக்குள் என்ன நேரலாம் என்பதற்கு ஒரு சம்பவம் உங்கள் அவைக் குறிப்புகளிலேயே பதிவாகியிருக்கிறது.

2022 மார்ச் 9-ஆம் தேதி மாலை, வழக்கமான பராமரிப்பும் பரிசோதனையும் நடந்துகொண்டிருக்கையில், நமது பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டு, எல்லையைத் தாண்டி, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் பறந்து, மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. அதில் வெடிமுனை இல்லை, யாரும் சாகவில்லை. மறுநாள் பாகிஸ்தான் ராணுவம் உலகறியச் செய்தியை வெளியிட்டது. அதற்கும் மறுநாள், 11-ஆம் தேதிதான், நமது அரசாங்கம் தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. 15-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் இரு அவைகளிலும் அறிக்கை படித்தார். உங்களில் சிலர் அன்று அவையில் இருந்தவர்கள். ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள். அத்தோடு விஷயம் முடிந்ததென்று ஏடு மூடப்பட்டது.

அன்று மாலை எல்லைக்கு அப்பால் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதனை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒலியைவிட வேகமாக ஒரு பொருள் தன் நாட்டை நோக்கி வருவதை அவன் காண்கிறான். அதன் மூக்கிலே என்ன இருக்கிறதென்று எந்த ராடாரும் சொல்லாது. தப்பாகப் புறப்பட்டதா, வேண்டுமென்றே ஏவியதா என்றும் சொல்லாது. ஒன்று மட்டுந்தானா, பின்னால் இன்னும் வருகின்றனவா என்று யோசிப்பதற்குள் அது விழுந்தே விடும். பாகிஸ்தான் எல்லைக்குள் அதன் பயணம் முழுவதும் நான்கு நிமிஷத்துக்குள் முடிந்துபோயிற்று. சமாதானமான ஒரு புதன்கிழமை மாலையில் நடந்ததால் அது தவறென்று கொள்ளப்பட்டது. அதே தவறு 1999 ஜூனிலோ, 2025 மே மாதத்திலோ நேர்ந்திருந்தால் தவறென்று யார் நம்பியிருப்பார்கள்? மூன்று அதிகாரிகளைத் தண்டிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. தவறு செய்யும் மனிதர்களையும் பழுதுபடும் கருவிகளையும் வைத்துக்கொண்டு நடத்தும் ஒரு காரியத்தில், தவறு நேர்ந்த அடுத்த நிமிஷத்திலே எதிரிக்கு உண்மையைச் சொல்லும் வழி ஏற்படுத்தாமல் இருந்தது யாருடைய குற்றம் என்பதுதான் என் ஆட்சேபம்.

வழியே இல்லையா என்றால், பாதி வழி இருக்கிறது. 2005-இல் இரு தேசங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, எந்தப் பாலிஸ்டிக் ஏவுகணையைப் பரிசோதித்தாலும் முன்கூட்டியே, குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்னர், ஒருவருக்கொருவர் அறிவிக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் உடன்படிக்கை, அணு ஆயுதங்கள் சம்பந்தப்பட்ட விபத்து நேர்ந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. பிரம்மோஸ் பாலிஸ்டிக் வகையன்று, குரூஸ் வகை. ஆகவே முதல் உடன்படிக்கைக்குள் அது வராது. அதில் அணு முனை இல்லை. ஆகவே இரண்டாவதற்குள்ளும் வராது. இரண்டு காகிதங்களுக்கும் நடுவே இருந்த சந்து வழியாகத்தான் அந்த ஏவுகணை மியான் சன்னுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் இத்தனை ஆண்டுகள் கழிந்தும், அதற்கிடையில் இரு தரப்பும் ஏவுகணைகளை மெய்யாகவே ஏவிக்கொண்ட ஒரு மோதல் நடந்தும், அந்தச் சந்தை அடைப்பதற்குப் பாராளுமன்றத்தில் ஒரு முழு விவாதம் நடத்த வேண்டுமென்று நீங்கள் வற்புறுத்தவில்லையே!

"பாகிஸ்தானை நம்பி எப்படி உடன்படிக்கை செய்வது?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நண்பனோடு உடன்படிக்கை எதற்கு? இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று கொடுப்பது என்றும், அவற்றைத் தாக்குவதில்லை என்றும் 1988 டிசம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1992-லிருந்து ஜனவரி முதல் தேதி தோறும் அந்தப் பட்டியல் கைமாறி வருகிறது. கார்கிலுக்குப் பிறகும் கைமாறிற்று. பாராளுமன்றக் கட்டடமே தாக்கப்பட்டு, லட்சக்கணக்கான படைகள் எல்லையில் எதிரெதிரே குவிந்திருந்த 2002-ஆம் ஆண்டு ஜனவரியிலும் கைமாறிற்று. தூதர்களைத் திருப்பி அழைத்துக்கொண்ட காலத்திலும் கைமாறிற்று. பகைவர்களும் தம் சொந்த நன்மைக்காக ஒரு வாக்கைக் காப்பாற்றுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமது கொள்கையின் மற்றொரு தூணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் நாம் அணு ஆயுதத்தைப் பிரயோகிக்க மாட்டோம் என்று 2003 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த கோட்பாடு, சில விலக்குகளோடுதான் என்றாலும், இன்றும் நிலவுகிறது. ஆனால் 2019 ஆகஸ்டில், அதே பொக்ரானில் நின்றுகொண்டு, வருங்காலத்தில் என்ன ஆகும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்று பாதுகாப்பு அமைச்சர் சொன்னார். பாகிஸ்தானோ அத்தகைய வாக்கை ஒருபோதும் தந்ததில்லை. அப்போது 60 கிலோமீட்டர் தூரமே பாய்ந்த நஸ்ர் என்ற சிறு ஏவுகணையை 2011-இல் பரிசோதித்து, போர்க்களத்திலேயே அணு ஆயுதத்தைக் கையாளுவோம் என்று மிரட்டவும் செய்தது. நெடுங்காலம் இரு நாடுகளும் வெடிமுனையை ஒரு பக்கமும் ஏவுகணையை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைத்திருந்தன என்பதே நமக்கிருந்த பெரிய ஆறுதல். இரண்டையும் ஒன்று சேர்க்கப் பிடிக்கும் நேரம் மனம் தெளியவும் தொலைபேசியில் பேசவும் கிடைக்கும் நேரமல்லவா? மூடி முத்திரையிட்ட உருளைக்கலத்துக்குள் ஆயத்தமாக நிற்கும் அக்னி-5 போன்ற ஏவுகணைகளும், வெடிமுனையைத் தாங்கியபடியே கடலில் உலாவ வேண்டிய நீர்மூழ்கிக் கப்பல்களும் வர வர, அந்த நேரம் கரைந்து கொண்டிருக்கிறது. ஆயுதம் செம்மையாகிக்கொண்டே போகிறது. அவகாசம் சுருங்கிக்கொண்டே போகிறது. இதை முன்னேற்றம் என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குண்டு தில்லியில் விழுந்தால் மதுரைக்கு என்ன என்று நினைப்பாருக்கும் ஒரு வார்த்தை. இந்த உபகண்டத்தின் இரு தேசங்களும் ஹிரோஷிமா அளவுள்ள 100 குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று அமெரிக்க வானிலை விஞ்ஞானிகள் சிலர் 2007-இல் கணக்கிட்டார்கள். எரியும் நகரங்களிலிருந்து எழும் 50 லட்சம் டன் கரிப்புகை மேல்வானத்தை மூடி, பல ஆண்டுகளுக்குப் பூமியைக் குளிரச் செய்து, பருவமழையையும் குறைக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இன்று இரு நாடுகளிடமும் சேர்ந்து ஏறத்தாழ 350 வெடிமுனைகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றைப் பார்த்து மேட்டூர் அணையைத் திறக்கிற நாம், இதில் அயலார் ஆக முடியாது.

எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு இதையெல்லாம் பேசினால் எடுபடுமா என்று தயங்குகிறவர்களுக்கு ராஜாஜியை நினைவூட்டுகிறேன். அவருடைய அரசியல் உங்களில் பலருக்கு உவப்பானதன்று என்பதை அறிவேன். எனக்கும் அதில் பல இடங்களில் பிணக்கு உண்டு. ஆனால் 1962 செப்டம்பரில், 83 வயதில், எந்தப் பதவியும் இல்லாமல், நேருவின் ஆட்சியை உள்நாட்டில் கடுமையாக எதிர்த்துக்கொண்டே, அணுகுண்டுப் பரிசோதனைகளை நிறுத்தச் சொல்லி வாதாட அவர் வாஷிங்டன் போனார். வெள்ளை மாளிகையில் கென்னடியைக் கண்டு பேசினார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கும் நேருவுக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. பரிசோதனைகளை நிறுத்தி வைக்கும்படி 1954 ஏப்ரலில் இதே மக்களவையில் நேரு குரல் எழுப்பியிருந்தார். கென்னடியோடு ராஜாஜியின் சந்திப்பு நடந்து ஒரு மாதத்துக்குள் கியூபா நெருக்கடி வந்தது; அடுத்த ஆண்டு ஆகஸ்டில், நிலத்தடியில் தவிர வேறெங்கும் பரிசோதனை செய்வதில்லை என்ற ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. ராஜாஜி போனதால்தான் கையெழுத்தாயிற்று என்று சொல்லுவது மிகை. போகாமல் சென்னையிலேயே இருந்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது உண்மை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. இருக்கிற குண்டுகளை நாளையே அழித்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. சீனாவையும் பாகிஸ்தானையும் அயலாகக் கொண்ட ஒரு தேசத்தில் அது உடனே நடவாது என்பதை அறிவேன். யோசிக்க நேரம் வேண்டும். அதைச் சம்பாதித்துக் கொடுங்கள் என்றே கேட்கிறேன். 2005-ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் குரூஸ் ஏவுகணைகளுக்கும் விரிக்கவும், அணு முனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவறிப் புறப்பட்ட எந்த ஏவுகணையைப் பற்றியும் அந்தக் கணமே நேரடித் தொலைபேசியில் தெரிவிக்கவும் பாகிஸ்தானோடு பேச்சு நடத்த அரசாங்கம் முன்வருமா என்று வெளியுறவு அமைச்சரையும் பாதுகாப்பு அமைச்சரையும் கேளுங்கள். தரையில் உள்ள ஏவுகணைகளில் வெடிமுனையைப் பிரித்து வைக்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் தனி உறுப்பினர் அலுவலுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், முதலில் பிரயோகிப்பதில்லை என்ற கோட்பாட்டை அவை உறுதிப்படுத்த வேண்டுமென்று ஒரு தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள். அதில் ஆளும் கட்சிக் கூட்டணியைச் சேர்ந்தவரும் எதிரணியைச் சேர்ந்தவரும் ஒருங்கே கையெழுத்திடுங்கள்.

கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த விதி. கூட்டத்தொடரின் தேதி வெளியான அன்றே கேள்வியை அனுப்பி வையுங்கள். தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அமைச்சர் பதில் கூற மறுக்கலாம். அவ்வாறு மறுத்தால் அந்த மறுப்பாவது அவைக் குறிப்பில் ஏறட்டும், அடுத்த கூட்டத்தொடரில் அதே கேள்வியை உங்களில் வேறொருவர் மறுபடியும் அனுப்பட்டும்.

இங்ஙனம்,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்